ஓடிப்போன அப்பா

பனிமலை என்றால் நம் சினிமாவில் டூயட்தான். ஸ்வீடன்காரர் ரூபன் ஓஸ்ட்லுண்ட் 2014-ல் எடுத்த ‘ஃபோர்ஸ் மஜூர்’ வேறு ரகம். (பி.காம். படித்தவர்களுக்குத் தலைப்பு பரிச்சயம். கான்ட்ராக்ட்டில் பொடி எழுத்தில் வரும்: நம் கையை மீறி ஏதாவது நடந்தால் கம்பெனி பொறுப்பல்ல.)

ஃபிரெஞ்சு ஆல்ப்ஸில் ஐந்து நாள் பனிச்சறுக்கு விடுமுறை. தாமஸ், மனைவி எப்பா (பெயரே அதுதான்), ஒரு பெண், ஒரு பையன். பார்க்கத்தான் காட்டுமலை, நிஜத்தில் பழக்கிய யானை. பனி பெரிதாகச் சேர்வதற்குள் டமால் டமால் என்று வெடிவைத்துச் சரித்துவிடுகிறார்கள். இரண்டாம் நாள் மொட்டைமாடி ஓட்டலில் சாப்பிடும்போது அப்படி ஒரு சரிவு நேரே இவர்களை நோக்கி வருகிறது. பயப்பட ஒன்றுமில்லை என்று தாமஸ் செல்போனில் படமெடுக்கிறார். அடுத்த நொடி போனையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு ஓட்டம்! எப்பா பிள்ளைகளோடு அங்கேயே. காமிரா இம்மிகூட அசையவில்லை. வந்தது வெறும் பனிப்புகை, யாருக்கும் கீறல்கூட இல்லை. புகை கலைந்ததும் அப்பா திரும்பி வந்து உட்கார்கிறார்.

ஓடினதுகூட எப்பாவுக்குப் பெரிசில்லை என்றே எனக்குப் படுகிறது. உயிர்பயத்தில் கால் தானாக ஓடும். நாலு பேர் எதிரில், ஓடவே இல்லை என்று சாதிக்கிறாரே, அதுதான் அவளை அரிக்கிறது. கடைசியில் நண்பர் முன்னால் அதே செல்போன் பதிவைப் போட்டுக் காட்ட வைக்கிறாள். மலையில் சேர்ந்த பனியை அளவாகச் சரிக்க ஆள் இருக்கிறது. இதற்கு யாரை வைப்பது? தாமஸுக்கு வக்காலத்து வாங்கும் அந்த நண்பரிடம் அவருடைய காதலி, ‘நீயும் ஓடியிருப்பே’ என்று போகிறபோக்கில் சொல்லிவிட, மனிதர் ராத்திரி பூரா தூக்கமில்லாமல் மல்லுக்கட்டுகிறார். படத்தின் உச்சம் அதுதான். தம்பதி சமேதராகப் பார்ப்பவர்கள் ஜாக்கிரதை.

குறை ஒன்று உண்டு. கடைசி நாள் மூடுபனியில் எப்பா காணாமல்போக, தாமஸ் தேடித் தூக்கி வருகிறார். பிள்ளைகளுக்காக எப்பாவே நடத்திய நாடகமோ என்று நாம் சந்தேகப்படலாம், படாமலும் இருக்கலாம். அதுவரை எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே காட்டியவர், இங்கே மட்டும் ஏன் மூட்டத்துக்குள் ஒளிந்துகொள்கிறார்?

கான் விழாவில் ‘அன் செர்ட்டன் ரிகார்ட்’ பிரிவின் ஜூரி பரிசு பெற்ற படம். 2020-ல் ஹாலிவுட் இதையே ‘டவுன்ஹில்’ என்று வில் ஃபெரலை வைத்து எடுத்தது. மௌனம் இருந்த இடமெல்லாம் ஜோக், தவிர்க்கலாம். மூலத்தில் பையன் ஹாரியைக் கவனியுங்கள். அப்பா ஓடினதைப் பற்றி அவனுக்குப் புகாரே இல்லை. இரண்டு பேரும் பிரிந்துவிடுவார்களோ என்பதுதான் அவன் பயம்.