ஐயுறுவோரின் தனிமை: ‘கோன் கேர்ள்’ நாவலும் துப்பறிவாளர் போனியும்

துப்பறியும் நாவல் பொதுவாக அறிவின் வெற்றியைப் பாடுவது. குற்றம் நிகழ்கிறது, தடயங்கள் திரட்டப்படுகின்றன, குற்றவாளி அம்பலப்படுத்தப்படுகிறான், குலைந்த சமூக ஒழுங்கு மீள நிலைநாட்டப்படுகின்றது. இம்மரபைத் தலைகீழாக்கிய ஆக்கங்களுள் ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் கிலியன் பிளின் 2012இல் வெளியிட்ட ‘கோன் கேர்ள்’ என்னும் நாவலாகும். உண்மையை உணர்ந்த துப்பறிவாளர் இதில் உளர்; குற்றவாளியும் அவர் கண்ணெதிரே நிற்கிறாள்; ஆயினும் நீதி நிகழவில்லை. இது ஏன் என்னும் வினாவே நாவலின் மையத்துக்கு இட்டுச்செல்வது.

மிசூரி மாநிலத்தின் சிறு நகரமொன்றில், தன் ஐந்தாவது திருமண நிறைவு நாளன்று ஏமி காணாமற்போகிறாள். ஐயம் கணவன் நிக்மீது விழுகிறது. உண்மையிலோ, கணவனைக் கொலைகாரனாக்கும் நோக்குடன் ஏமியே எல்லாவற்றையும் திட்டமிட்டிருக்கிறாள். தன் குருதியைத் தானே சிந்தித் துடைக்கிறாள். கணவனுக்கு அஞ்சி வாழ்ந்த அபலையொருத்தியின் நாட்குறிப்பைப் பல ஆண்டுகள் எழுதியதுபோலப் புனைகிறாள். பின்னர் திட்டம் பிசகவே, தன்னை நேசித்த டெசி என்பவனைக் கொன்று, அவனே தன்னைக் கடத்திச் சிறைவைத்தான் எனக் கூறி வீடு திரும்புகிறாள். நாடு அவளைக் கண்ணீர் மல்க வரவேற்கிறது.

விசாரணையை நடத்துபவர் றோண்டா போனி என்னும் பெண் அதிகாரி. எளிமையான விடையே சரியான விடை என்னும் வாய்பாட்டை அவர் இலகுவில் ஏற்பதில்லை. சக அதிகாரி கில்பின் நிக்கின் குற்றத்தை விரைவிலேயே முடிவுகட்டிவிட, போனி பொறுத்திருந்து தடயங்களைச் சரிபார்க்க விழைகிறார். எனினும் பாதி எரிந்த நிலையில் நாட்குறிப்புக் கிடைத்ததும் அவரது பொறுமையும் தளர்கிறது. அது தன் கைக்கெட்டவேண்டும் என்றே விட்டுவைக்கப்பட்ட சான்று என்பதை அவர் உணரவில்லை. நிக் கைதாகிறான்.

இத்தவறே பிற்பகுதியின் துன்பியலுக்கு வித்திடுகிறது. ஏமி திரும்பிய பின், அவளது கதையில் உள்ள ஓட்டைகளைப் போனி கண்டுகொள்கிறார். டேவிட் பின்சர் 2014இல் இயக்கிய திரைப்படத்தில், வைத்தியசாலை விசாரணைக் காட்சி இதனைத் துலக்கமாகக் காட்டுகிறது. கட்டிவைக்கப்பட்டிருந்தவளின் கைக்குக் கத்தி எவ்வாறு வந்தது என்று போனி வினவுகிறார். ஏமி அவ்வினாவுக்கு விடையளிக்கவில்லை. வினவியவரின் தகுதியையே தாக்குகிறாள். இந்தத் திறமையற்ற அதிகாரியை நம்பியிருந்தால் தன் கணவன் மரணதண்டனைக்கே ஆளாகியிருப்பான் என்கிறாள். அறையிலிருக்கும் எவ். பி. ஐ. அதிகாரிகளுக்கு அதுவே போதுமாயிருக்கிறது. கேள்வி அந்தரத்தில் நின்றுவிடுகிறது.

இவ்விடத்திலேயே பிளினின் நோக்குக் கூர்மை பெறுகிறது. போனி நம்பப்படாமைக்குக் காரணம் அவரது ஐயம் வலுவற்றது என்பதன்று. முன்னொரு பொய்யை அவர் நம்பியிருந்தார் என்பதே காரணம். ஏமியால் ஏமாற்றப்பட்டவர் என்னும் அந்த உண்மையே, ஏமியை ஐயுறும் உரிமையை அவரிடமிருந்து பறித்துவிடுகிறது. ஊரறிய ஒருமுறை தவறிய நிறுவனம் மற்றுமொருமுறை தன் கூற்றை மாற்றிக்கொள்ள விரும்பாது. முதற் பொய்யைத் திருத்த வந்த இரண்டாம் பொய்யை அது ஆறுதலோடு ஏற்றுக்கொள்கிறது.

ஏமியின் கவர்ச்சியையும் இந்நோக்கிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும். அவளது அழகும் பேச்சும் மட்டும் அவளுக்கு வெற்றி தேடித்தரவில்லை. கேட்போர் எவர்க்கும் அவரவர் விரும்பும் கதையை அவள் வழங்குகிறாள். தொலைக்காட்சிக்கு முதலிற் பலியான மனைவி, பின்னர் மீண்டுவந்த வீராங்கனை. பொலிசாருக்குத் தடயங்களால் நிறைந்த வழக்கு. பெற்றோருக்கு அவர்கள் எழுதிப் புகழீட்டிய சிறுவர் நூல்களின் நாயகி. மகளைக் கதாபாத்திரமாக்கி விற்ற குடும்பத்தில் வளர்ந்தவள், தன்னைத்தானே கதாபாத்திரமாக்கி விற்கக் கற்றதில் வியப்பில்லை. நிக்கும் பத்திரிகை எழுத்தாளனாயிருந்து, பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்து, நியூ யோர்க்கிலிருந்து ஊர் திரும்பியவன். கதை விற்போரின் உலகில், விலைபோகாத ஒரே பொருள் போனியின் கேள்விதான்.

நாவலின் உருவமும் இவ்வுள்ளடக்கத்துக்கு இயைந்ததே. நிக்கும் ஏமியும் மாறிமாறிக் கதைசொல்ல, போனிக்கென ஓர் அத்தியாயமும் இல்லை. அவரை என்றும் பிறர் கண்கொண்டே காண்கிறோம். உண்மையை அறிந்தவருக்குக் கதையிற் குரல் இல்லை. பொய்யுரைப்போருக்கே குரல் உண்டு.

எனினும் ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் இயலாது. வன்முறைக்கு உள்ளானதாகப் பொய்யுரைக்கும் பெண்ணை மையமாக்கியமை, உண்மையாகவே பாதிக்கப்பட்டு முறையிடும் பெண்களை ஐயுறும் வழக்கத்துக்கு உரமூட்டும் என்பது இந்நாவல்மீது எழுந்த கண்டனம். தீய பெண் பாத்திரத்தைப் படைக்கும் சுதந்திரமும் பெண்ணியத்தின் பாற்பட்டதே என்பது பிளினின் மறுமொழி. படைப்புரிமை என்ற அளவில் அது ஏற்கத்தக்கது. ஆனால் கண்டனத்துக்கு அது முழு விடையன்று. ஏமியின் சூழ்ச்சி தனிமனிதக் கொடுமையாகவே வருணிக்கப்படுவதால், வாசகனின் சினம் அவளோடு தீர்ந்துபோகும் அபாயம் உள்ளது.

முழு விடைக்கு அண்மித்தது போனியின் பாத்திரத்திலேயே காணப்படுகிறது. பெண்கள் பொய்யுரைப்பவர்கள் என்னும் முற்சாய்விலிருந்து அவரது ஐயம் பிறக்கவில்லை. கத்தி எங்கிருந்து வந்தது என்பதே அவரது கேள்வி. அது பொருளைப் பற்றியது, பால் பற்றியதன்று. முறையிடுபவரைப் பரிவோடு கேட்பதும், முறைப்பாட்டைச் சான்றுகளோடு ஒப்புநோக்குவதும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. நிக்மீது குற்றஞ்சாட்டப்பட்டபோதும் அதே அளவுகோல் இறுதிவரை பேணப்பட்டிருக்க வேண்டும். அது பேணப்படாமையே போனியின் குற்றம். பின்னர் அதைப் பேண முயன்றமையே அவரது பெருமை.

வழக்கு மூடப்பட்டபின், நிக்கை நம்பும் மிகச் சிலருள் ஒருவராகப் போனி எஞ்சுகிறார். அவரிடம் நம்பிக்கை உண்டு, சான்று இல்லை. துப்பறியும் நாவல் வழமையாக அளிக்கும் ஆறுதலைப் பிளின் மறுத்துவிடுகிறார். எல்லோரும் ஒரு கதையை விரும்பும்போது அதனை ஐயுறுபவர் தனித்தே நிற்க நேரும் என்பதும், அத்தனிமை அவரது ஐயம் தவறென்பதற்குச் சான்றாகாது என்பதும் இந்நாவலால் பெறப்படுவன.