சிறுசொல்லும் வஞ்சினமும்

சூளுரைத்தலும் வைதலும் வேறு வேறு செயல்கள் என்றே நாம் கருதுகிறோம். முன்னதை அவையில் போற்றுகிறோம். பின்னதை அவையினின்று விலக்குகிறோம். ஆயினும் சொற்களை ஆராயின் இரண்டும் உறவுடையன என்பது புலனாகும். சபதம், சாபம் என்னும் வடசொற்கள் ஒரே வேரில் பிறந்தவை. மலாய் மொழியில் 'சும்பா' என்னும் ஒரு சொல்லே ஆணையையும் சாபத்தையும் குறிக்கும். ஆங்கிலத்திலும் ஆணையிடுதற்கும் இழிமொழி பேசுதற்கும் ஒரே வினைச்சொல் வழங்குகிறது. இவ்வுறவுக்குக் காரணம் யாது? புறநானூறு விடை தருகிறது.

அந்நூலின் 71, 72, 73ஆம் பாட்டுகள் மூன்றும் வஞ்சினக் காஞ்சித் துறையின; மூன்றையும் பாடியோர் அரசர்களே. 'இதனைச் செய்து முடியேனாயின் எனக்கு இக்கேடு வருக' என்பதே அவற்றின் அமைப்பு. ஆகவே, வஞ்சினம் என்பது ஒருவன் தன்மேல் தானே இட்டுக்கொள்ளும் சாபம்.

எதனைப் பணயம் வைக்கிறான் என்பதில் அவனது உள்ளம் விளங்கும். பூதப்பாண்டியன் மனைவியைப் பிரிக என்கிறான்; அறங்கூறு அவையில் தகுதியற்றவனை அமர்த்தி முறை பிழைத்தவன் ஆகுக என்கிறான். நலங்கிள்ளி அன்பிலா மகளிர் தழுவலில் தன் மாலை வாடுக என்கிறான்.

எனினும் 72ஆம் பாட்டே ஆழ்ந்து நோக்கற்பாலது. பாண்டியன் நெடுஞ்செழியனை 'இளையன்' எனப் பகைவர் எள்ளினர். அவர்கள் மொழிந்ததைச் சிறுசொல் என்றே அவன் குறிக்கிறான். அச்சொல்லுக்கு அவன் மறுவசை கூறினானல்லன். 'வெல்லேனாயின், குடிகள் என்னைக் கொடியன் எனத் தூற்றுக; மாங்குடி மருதன் முதலிய புலவர் என் நாட்டைப் பாடாது நீங்குக; இரப்போர்க்கு ஈயமுடியாத வறுமை எனக்கு வருக' என்றான். பழி கேட்ட வாய் பழியைத் திருப்பித் தராமல் பொறுப்பை ஏற்றது. தலையாலங்கானத்தில் சேரன், சோழன், வேளிர் ஐவர் ஆகிய எழுவரையும் அவன் வென்றான். மருதனார் அவனைப் பாடாது நீங்கவுமில்லை. 782 அடிகள் கொண்ட மதுரைக்காஞ்சி இன்றும் அவ்வஞ்சினத்துக்குச் சான்றாக நிற்கிறது.

இதனால் வேறுபாடு தெளிவாகும். வஞ்சினம் தனக்கு அரியதைப் பணயம் வைக்கிறது; வசையோ பிறனுக்கு அரியதைத் தாக்குகிறது. சி ரூசா வட்டாரத் தோட்டங்களாயினும் தமிழகச் சிற்றூர்களாயினும், 'அம்மா மேல் ஆணை' என்பதிலும் தாய் வருகிறாள். கடுஞ்சினத்து வசையிலும் தாயே இழுக்கப்படுகிறாள். இருவழியும் அவளே உயர்பொருள் என்பதற்கு இது சான்று.

நன்னூலார் இடக்கரடக்கலைத் தகுதி வழக்கில் வைத்தார். அதனைக் கற்பிக்கும் பள்ளிகள் இழிசொல்லுக்குப் பிரம்பெடுக்கின்றன. காணாமற்போன ஒரு பென்சிலுக்காக ஒரு சிறுவன் தாய்மேல் பொய்யாணை இட்டால் அதனைக் கேளாதன போல் விடுகின்றன. இழிசொல் நாவைக் கெடுக்கும். பொய்யாணை சொல்லின் மதிப்பையே அழிக்கும். பின்னர் மெய்யுரைக்கும் நாளில் அவனுக்குப் பணயம் வைக்க யாதொன்றும் இராது. வகுப்பில் 72ஆம் பாட்டை நடத்தும்போது, பொருள் எழுதச் சொல்வதோடு ஆசிரியர் நின்றுவிடலாகாது. 'நீ எதன்மேல் ஆணையிடுவாய்? அதைக் காப்பாயா?' என்றும் வினவுதல் வேண்டும்.