வாஷிங்டனின் பிரியாவிடை உரை: பெயர் சொல்லாமல் யாரைச் சொல்கிறது?

வாதக் கட்டுரையில் கட்சி அரசியல் பற்றிய தலைப்பு வந்தால் நம் பிள்ளைகள் தேடிப் பிடிக்கும் சான்றுகளில் ஒன்று ஜார்ஜ் வாஷிங்டனின் பிரியாவிடை உரை. ‘கட்சிப் பூசல் நாட்டைக் கெடுக்கும் என்று அமெரிக்காவின் முதல் அதிபரே எச்சரித்தார்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போயிடுவாங்க. புள்ளியும் கிடைச்சிடும். நானும் பல வருஷம் அந்த வரிக்குச் சரி போட்டவன்தான். ஆனால் உரையை முழுசாகப் படித்த பிறகு அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ‘உரை’ என்று பெயர் இருப்பதால் அவர் மேடை ஏறிப் பேசியதாக எழுதிடாதீங்க. வாஷிங்டன் அதை எங்கும் பேசவே இல்லை. 1796 செப்டம்பர் 19-ஆம் தேதி, அப்போதைய தலைநகரான பிலடெல்பியாவில் ஒரு நாளிதழில் அச்சாகி வந்தது. மூன்றாம் தவணைக்கு நிற்கப் போவதில்லை என்ற அறிவிப்பு அது.

எழுத்தும் அவர் ஒருவருடையது இல்லை. 1792-இல், முதல் தவணை முடியும்போதே ஓய்வு பெற நினைத்து ஜேம்ஸ் மேடிசனிடம் ஒரு வரைவு எழுதி வாங்கினார். நான்கு ஆண்டு கழித்து அதையும் தன் எண்ணங்களையும் அலெக்சாண்டர் ஹாமில்டனுக்கு அனுப்பினார். நாம் இன்று படிப்பதில் பெரும்பகுதி ஹாமில்டனின் வாக்கியங்கள். வாஷிங்டன் அவற்றைத் திருத்தித் தன்னுடையதாக்கிக்கொண்டார்.

இந்த இரண்டு பெயரையும் கொஞ்சம் கவனிங்க. 1787, 1788-இல் மேடிசனும் ஹாமில்டனும் ஒரே பக்கம். புதிய அரசியலமைப்புச் சட்டத்தை மக்கள் ஏற்க வேண்டும் என்று சேர்ந்து கட்டுரை எழுதினவங்க. 1796-இல் எதிரும் புதிருமாக நிற்கிறார்கள். ஹாமில்டன் நிதியமைச்சராக இருந்து தேசிய வங்கியைத் தொடங்கினார், மாநிலங்களின் போர்க்கடனை மத்திய அரசின் தலையில் ஏற்றினார், சாராயத்துக்கு வரி போட்டார். பணக்கார வணிகர்களுக்காக ஆட்சி நடக்கிறது என்று மேடிசனும் தாமஸ் ஜெபர்சனும் கொதித்தார்கள். 1793-இல் பிரிட்டனும் பிரான்சும் போரில் இறங்கியதும் சண்டை முற்றியது. ஜெபர்சன் பக்கம் பிரான்சுக்கு ஆதரவு, ஹாமில்டன் பக்கம் பிரிட்டனோடு ஒப்பந்தம். ஆக, கட்சிப் பூசல் வேண்டாம் என்ற உரையை எழுதிக் கொடுத்தவர் ஒரு கட்சியின் தலைவர்!

இப்போ உரைக்குள் வாங்க. சட்டம் நிறைவேறுவதைத் தடுக்கும் கூட்டணிகள், சங்கங்கள் எல்லாம் ஆபத்தானவை என்று ஓரிடத்தில் வருகிறது. யார் பெயரும் இல்லை. பொதுவான அறிவுரை மாதிரிதான் தெரியும். ஆனால் இரண்டே ஆண்டுக்கு முன், 1794-இல், சாராய வரியை எதிர்த்து மேற்குப் பென்சில்வேனியா விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். ஏறக்குறைய 13,000 படைவீரர்களைத் திரட்டி, பாதி வழி வரை வாஷிங்டனே உடன் போனார். பிறகு நாடாளுமன்றத்தில் பேசும்போது, ஜெபர்சன் பக்கம் சாய்ந்திருந்த அரசியல் சங்கங்கள்மீது பழி போட்டார். அன்றைய வாசகனுக்கு ‘சங்கங்கள்’ என்ற சொல்லே போதும், யாரைக் குத்துகிறார் என்று புரிந்திருக்கும். அயல்நாடுகளோடு நிரந்தரக் கூட்டு வேண்டாம் என்பதும் அப்படித்தான். அமெரிக்காவுக்கு இருந்த நிரந்தரக் கூட்டு ஒன்றே ஒன்று, 1778-இல் பிரான்சோடு செய்தது.

இதனால் உரை பொய் என்று நான் சொல்லவில்லை. கட்சி மனப்பான்மை மனித இயல்பிலேயே வேரூன்றியது, அணைக்க முடியாத நெருப்பு, குளிர் காயலாம் என்று விட்டால் வீட்டையே எரித்துவிடும், ஆகவே ஓயாமல் காவல் காக்க வேண்டும் என்ற பொருளில் வரும் பகுதி உண்மையிலேயே நல்ல எழுத்து. ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டு எச்சரிக்கிறது. வாதக் கட்டுரைக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைப்பது கஷ்டம்.

எனக்குக் குறையாகத் தெரிவது வேறு. ஆட்சியின் கொள்கை தப்பு என்று நினைக்கும் நாலு பேர் முறையாக ஒன்று சேர்ந்தால் அவர்களுக்கு இந்த உரையில் இடம் எங்கே? தேடிப் பாருங்க, கிடைக்காது. ஒரு பக்கம் மக்கள் தேர்ந்தெடுத்த அரசு, மறுபக்கம் சூழ்ச்சிக்காரச் சிறுபான்மை. நடுவில் ‘எதிர்க்கட்சி’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் ஒன்றுக்கு அங்கே நாற்காலியே போடவில்லை. இதன் விலை சீக்கிரமே தெரிந்தது. 1798-இல், ஜான் ஆடம்ஸ் ஆட்சியில், ஹாமில்டன் கட்சியினர் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அரசையோ நாடாளுமன்றத்தையோ அதிபரையோ அவதூறாக எழுதினால் சிறை. துணை அதிபரைத் திட்டினால் மட்டும் குற்றமில்லை. ஏன்னு யோசிங்க: துணை அதிபர் ஜெபர்சன்! வெர்மாண்ட் உறுப்பினர் மேத்யூ லயன் அந்தச் சட்டத்தில் நான்கு மாதம் உள்ளே போனார், 1,000 டாலர் அபராதமும் கட்டினார். சிறையில் இருந்தபடியே மறுபடி தேர்தலில் ஜெயித்தார். பிரியாவிடை உரைதான் இந்தச் சட்டத்தைப் பெற்றது என்று எழுதினால் அது மிகை. இரண்டுக்கும் கண் மறைத்த இடம் ஒன்று என்று எழுதலாம்.

இன்னொரு மௌனமும் இருக்கிறது. வடக்கும் தெற்கும் கிழக்கும் மேற்கும் ஒன்றுக்கொன்று எப்படிப் பயன்படுகின்றன என்று உரை விரிவாகப் பேசுகிறது. வட்டார அடிப்படையில் கட்சி கட்டாதீர்கள் என்கிறது. வடக்கையும் தெற்கையும் பிரித்துக்கொண்டிருந்த அடிமை முறை பற்றி ஒரு சொல்கூட இல்லை. 1799-இல் எழுதிய உயிலில் தன் அடிமைகளை விடுவிக்க ஏற்பாடு செய்த அதே மனிதர், 1796-இல் ஊருக்குச் சொல்லும்போது வாய் திறக்கவில்லை.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு வழி: கட்சி பற்றிய பகுதியை மட்டும் எளிய தமிழில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கிக் கொடுங்க. ஒரு குழு ஹாமில்டன் கட்சி வணிகராக வாசிக்கட்டும், இன்னொரு குழு வரி கட்ட முடியாத பென்சில்வேனியா விவசாயியாக வாசிக்கட்டும். எந்தச் சொல் தங்களைச் சுடுகிறது என்று அடிக்கோடு போடச் சொல்லுங்க. ஒரு பாடவேளை போதும். கட்டுரை எழுதுவதை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.