கடைசி வரிசை வரை

கல்யாணம் இல்லாத மாதங்களில் பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கிறேன். சிராங்கூன் சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியறை. ஒருநாள் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் மூன்று மணி நேர இ-180 கேசட் ஒன்றைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். தொண்ணூறுகளில் சிங்கப்பூரில் நடந்த அவருடைய கல்யாணம். மாப்பிள்ளை டொராண்டோவிலிருந்து வந்தவர். பெண் கொழும்பு வழியாக வந்து சேர்ந்திருக்கிறார்.

ஓடவிட்டேன். ஓமம் வளர்ந்துகொண்டிருக்கும்போதே கேமரா மணவறையை விட்டுவிட்டு நாற்காலிகளுக்குள் புகுந்துவிட்டது. முதல் வரிசையில் இடமிருந்து வலம், அடுத்த வரிசையில் வலமிருந்து இடம், ஏர் உழுவதுபோல ஒவ்வொரு முகமாக, 11 நிமிடம். சுருக்கித் தரட்டுமா என்று கேட்டேன்.

“வெட்டிப் போடாதேங்கோ தம்பி. அப்பா ஊரிலதான் நிண்டவர், வரேலாமப் போச்சுது. ஆரார் வந்தவை எண்டு அவர் பார்த்தது இதிலதான்.”

தமிழ்நாட்டு வழி, இலங்கை வழி என இரண்டு தரப்புக் கல்யாணங்களையும் வருடக்கணக்காகப் படம்பிடித்து வந்த எனக்கு, அந்த 11 நிமிடம் எதற்கு என்று அன்றுதான் விளங்கியது.

தமிழ்நாட்டு வழிக் குடும்பம் ஒன்று கோவிந்தசாமி பிள்ளை மண்டபத்தில் கல்யாணம் வைத்தால் ஏற்பாடே வேறு. சென்னையிலும் மதுரையிலும் ஊறிப்போன முறை இங்கேயும் வந்துவிட்டது: ‘டிரடிஷனல்’ எடுக்க ஒரு குழு, ‘கேண்டிட்’ எடுக்க இன்னொரு குழு. கேண்டிட்காரர் கையில் 85 மி.மீ. லென்ஸ், அப்பர்ச்சர் எஃப் 1.4. இரண்டு மீட்டர் தள்ளி நின்று பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால், ஷார்ப்பாக விழும் ஆழம் ஏறக்குறைய நான்கரை சென்டிமீட்டர்தான். கண் தெளிவாக இருக்கும், காதிலிருக்கும் ஜிமிக்கி பாதி மங்கிவிடும், பின்னால் நிற்கும் சித்தி வெறும் பட்டு நிறமாகக் கரைந்துவிடுவார். அழகான படம், அதை நான் மறுக்கமாட்டேன். பெண்ணைக் கதாநாயகியாக்கும் படம் அது. மண்டபத்து எல்.இ.டி திரையில் அதைப் பார்த்து ரசிப்பவர்களும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தக் கேசட்டின் காலத்து இலங்கை முறை இதற்கு நேர்மாறு. அகன்ற லென்ஸ், மூடிய அப்பர்ச்சர், நேரே முகத்தில் அடிக்கும் ஃபிளாஷ். 24 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து மூன்று மீட்டரில் ஃபோகஸ் செய்தால், ஒன்றரை மீட்டரிலிருந்து மண்டபத்தின் கடைசிச் சுவர் வரை எல்லாம் தெளிவாக விழும். அதற்கு வெளிச்சம் கொட்ட வேண்டும். எஃப் 1.4க்கும் எஃப் 8க்கும் நடுவே ஐந்து ஸ்டாப், அதாவது 32 மடங்கு. ஐ.எஸ்.ஓ 400 பிலிம் போட்ட நாளில் அந்த வெளிச்சத்தை ஃபிளாஷும் ஹாலஜனும்தான் தந்தன. நிழல் சுவரில் கன்னங்கரேலென்று விழும், முகம் தட்டையாகிவிடும்.

ஆனால் அந்தத் தட்டை முகத்துக்கு ஒரு வேலை இருந்தது. மானிடவியலாளர் சித்தார்த்தன் மௌனகுரு, போர்க்காலத்து ஈழத்தமிழர் திருமணங்களைப் பற்றி 2019இல் ஓர் ஆங்கில நூல் வெளியிட்டார். மாப்பிள்ளை ஒரு நாட்டில், பெண் ஒரு நாட்டில், கல்யாணம் மூன்றாவதொரு நாட்டில். அந்தக் கல்யாண ஆல்பம் விசா விண்ணப்பத்தோடு சாட்சியாகப் போனதை அவர் எழுதுகிறார். தூதரக மேசையில் யாரோ ஓர் அதிகாரி புரட்டப்போகும் படத்தில் மாமாவின் முகம் மங்கலாக இருந்தால் எப்படி? தாலி தெரிய வேண்டும், கட்டுகிற கை தெரிய வேண்டும், சுற்றிலும் சொந்தம் நிற்பது தெரிய வேண்டும்.

ஊரில் இருந்தவர்களுக்கோ வேறு பாடு. தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி தடைசெய்த பொருள். வெளிநாட்டுக் கல்யாணக் கேசட் வந்தால் ஜெனரேற்றர் ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பவருக்குப் பாட்டோடு ஓடும் ஐந்து நிமிடத் தொகுப்பு எதற்கு? அவர் மூன்று மணி நேரமும் அந்த மண்டபத்தில் இருக்க வேண்டும்.

தாலி கட்டும் நேரத்திலும் இரண்டுக்கும் கையாளும் முறை மாறும். தமிழ்நாட்டு வழியில் கெட்டிமேளம் கேட்டதும் கூட்டம் எழுந்து நெருங்கிவிடும், அட்சதை லென்ஸில் விழும், மூன்று முடிச்சும் சில நொடிகளில் முடிந்துவிடும். கழுத்தின் பின்புறம் பார்க்கப் பக்கவாட்டில் ஒரு கேமராவை முன்கூட்டியே உயர்த்தி வைத்திருந்தால்தான் தப்பிப்போம். யாழ்ப்பாண வழியில் கயிறில்லை, கனத்த பொன் தாலிக்கொடி. பின்கழுத்தில் சுரை என்னும் திருகைப் பூட்ட மாப்பிள்ளைக்கு நேரமெடுக்கும், விரல் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தை நெருங்கி நின்று எடுக்கலாம். ஓமத்தீயின் ஒளி பொன்னில் பட்டு எரிந்துபோகாமல் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்துக்கொள்வேன்.

அந்த அம்மாவின் கேசட்டுக்கு இன்னொரு பிரதி இருந்ததாம், டொராண்டோவுக்கு. அப்போது இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றும் ‘பால்’ தொலைக்காட்சி முறை: 625 வரி, நொடிக்கு 25 பிரேம். கனடா என்.டி.எஸ்.சி: 525 வரி, ஏறக்குறைய 30 பிரேம். பாரிஸில் செக்காம் டிவி வைத்திருந்த உறவுக்கு இதே கேசட் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கும். தமிழ்நாட்டுக் குடும்பம் பெரும்பாலும் ஒரே முறைக்குள் இருந்தது. இலங்கைக் குடும்பம் மூன்று முறைகளில் சிதறிக் கிடந்ததால், அங்கே வீடியோக்காரர் மாற்றுப் பிரதி போடவும் கற்றுக்கொண்டார்.

கேசட் போய்விட்டாலும் அந்தச் சிக்கல் போகவில்லை. சென்ற வருடம் சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலில் எடுத்த ஒரு கல்யாணத்தில், கனடாவிலிருந்து வந்த தம்பி ஒருவர் தன் கேமராவையும் உதவிக்குத் தந்தார். அவர் படத்தில் மட்டும் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்தன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவு எல்.இ.டி விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் 1/50 என்றால் ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழும். அவர் கேமரா கனடா வழக்கப்படி 30 பிரேம், 1/60; அந்தத் துடிப்போடு ஒத்துப்போகாது. மெனுவைத் திறந்து ‘பால்’ என்று மாற்றி, கார்டை ஃபார்மட் செய்து, ஷட்டரை 1/50இல் வைத்துக் கொடுத்தேன். மெதுகாட்சி எடுக்கும் தமிழ்நாட்டுப் பையன்களுக்கும் இதையேதான் சொல்வேன்: 120 பிரேம் வேண்டாம், 100 வைத்து ஷட்டரை 1/100இல் விடுங்கள்.

இப்போது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் 85 மி.மீ. பிடிக்கிறார்கள், நன்றாகவே பிடிக்கிறார்கள். 2020இல் கொவிட் கட்டுப்பாடுகள் வந்தபோது தமிழ்நாட்டு வழிக் குடும்பங்களும், வராதவர்களுக்காகக் கேமராவை அசையாமல் வைத்து நேரலை விடச் சொன்னார்கள். அந்த ஆண்டு காணொளி வழியாகத் திருமணப் பதிவு செய்யவே சிங்கப்பூர் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

கேசட்டை நான் வெட்டவில்லை. அதற்குப் பிறகு எந்த மண்டபத்துக்குப் போனாலும், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒரு கேமரா கூடுதலாக எடுத்துப் போகிறேன். ஒரு ஓரத்தில் நாற்காலிகளைப் பார்த்த மாதிரி: 24 மி.மீ., எஃப் 8, 25 பிரேம், 1/50. ஐ.எஸ்.ஓ 6400க்கு ஏற்றினால் கொஞ்சம் புள்ளி விழும், விழட்டும். அதைத் தனிப் பென்டிரைவில் போட்டு, மேலே ‘வந்தவை’ என்று எழுதிக் கொடுக்கிறேன்.