வால் ட்யூபும் தீக்குச்சியும் போதும்

"அக்கா, பிள்ளைங்களை வீட்டிலயே படிக்க வெக்கிறீங்களே, யூட்யூப்ல எந்தச் சேனல் போடுறீங்க?" ராணிப்பேட்டையில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுவிடுவார். எனக்கும் இதைவிடப் பிடித்த கேள்வி வேறில்லை. பதில் ஒரே பெயர்தான்: அரவிந்த் குப்தா. அவருடைய குறும்படங்கள் வீட்டுக்குள் வந்த பிறகு எங்கள் அறிவியல் பாடத்துக்கு மேசை போதவில்லை, கூடம் முழுக்கத் தேவைப்படுகிறது.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, டெல்கோவில் லாரி தயாரிக்கும் வேலையில் இருந்தவர் அவர். 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குப் போனார். கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் செய்து பார்த்தே அறிவியல் கற்கும் திட்டம் அங்கே நடந்துகொண்டிருந்தது. வாரச் சந்தையில் கிடைத்த வால் ட்யூபை, அதாவது சைக்கிள் வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர்க் குழாயை, சிறு துண்டுகளாக வெட்டி, இரண்டு பக்கமும் தீக்குச்சியைச் செருகினார். அவ்வளவுதான், கட்டுமானப் பொம்மை தயார்! பின்னாளில் புனேயில் ஐயூகா என்ற வானியல் ஆய்வு மைய வளாகத்துச் சிறுவர் அறிவியல் மையத்தில் அசோக் ரூப்னர், விதுலா மைஸ்கர் போன்றவர்களுடன் சேர்ந்து இவற்றையெல்லாம் குறும்படங்களாக எடுத்தார். பல இந்திய மொழிகளில் இருக்கின்றன, தமிழிலும் இருக்கின்றன. பைசா செலவில்லை. 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் அதற்கு மேலேயே கொடுத்திருக்கலாம்.

ஒரு படம் ஓரிரு நிமிடம்தான் ஓடும். இரண்டு கைகள், குப்பையில் போட வேண்டிய ஏதோ ஒரு பொருள், நிதானமான ஒரு குரல். கத்தல் இல்லை, துள்ளும் பொம்மை உருவங்கள் இல்லை. முடிந்ததும் பிள்ளை அடுத்த படத்தைத் தேடாது, கத்தரிக்கோலைத் தேடும். அந்த அழகை என்னவென்று சொல்வேன்!

தீக்குச்சி விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அழுத்தினால் அசையாமல் நிற்கிறது. நான்கு குச்சியில் சதுரம் செய்தால், தொட்டவுடனே சாய்ந்து சாய்சதுரமாகிவிடுகிறது. குறுக்கே கொஞ்சம் நீளமாக ஒரு துடைப்பக் குச்சியை வைத்தால் அதே சதுரம் விறைத்து நிற்கிறது. என் மகள் இதைச் செய்த கையோடு சிப்காட் பக்கம் வண்டியில் போனோம். மின்கோபுரங்களைப் பார்த்தவள், "அம்மா, எல்லாம் முக்கோணம்மா!" என்று கத்தினாள். வருஷக்கணக்காக அந்த வழியில் போய்வரும் நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மோட்டார் இன்னும் பிரமாதம். ஒரு டார்ச் பேட்டரி, இரண்டு ஊக்கு, அவற்றைப் பேட்டரியின் இரு முனையிலும் பிடித்துவைக்க சைக்கிள் ட்யூபில் வெட்டிய பட்டை, ஒரு காந்தம், எனாமல் பூசிய செம்புக் கம்பிச் சுருள். காயில் கட்டும் கடையில் ஒரு முழம் கம்பி கேட்டால் சிரித்துக்கொண்டே சும்மாவே கொடுப்பார்கள். சூட்சுமம் எல்லாம் சுரண்டுவதில் இருக்கிறது. கம்பியின் ஒரு முனையில் எனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும், மறுமுனையில் ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டிவிட்டால் முதல் அரைச் சுற்றில் கிடைத்த தள்ளல் அடுத்த அரைச் சுற்றில் எதிர்ப்பக்கம் இழுத்துவிடும். சுரண்டாமல் விட்ட பக்கம் வரும்போது மின்சாரம் அற்றுப்போகிறது, சுருள் தன் வேகத்திலேயே அந்தப் பாதியைக் கடந்துவிடுகிறது. இதை என் பையனே எனக்கு விளக்கினான். பாடப்புத்தகத்தில் 'திசைமாற்றி' என்று ஒரு சொல்லாகக் கிடப்பது அவன் கையில் கிர்ரென்று சுற்றுகிறது!

மற்ற சேனல்களை நான் ஒதுக்கவில்லை. வெரிடாசியம் சேனலை நடத்தும் டெரிக் முல்லர் தன் முனைவர் பட்டத்துக்கே, அறிவியல் படங்களைப் பார்த்து மாணவர்கள் உண்மையில் கற்கிறார்களா என்பதைத்தான் ஆராய்ந்தார். தெளிவாக, தடையில்லாமல் விளக்கிய படத்தைப் பார்த்த மாணவர்கள் நன்றாகப் புரிந்தது என்றார்கள், தேர்விலோ ஏறக்குறைய பழைய மதிப்பெண்தான். பலரும் தப்பாக நினைப்பதை முதலில் பேசவிட்டுப் பிறகு உடைத்த படம் குழப்புகிறது என்றார்கள், ஆனால் மதிப்பெண் நன்றாகவே ஏறியிருந்தது. அதனால் ஒரு சேனல் வழவழவென்று புரிகிறதே என்று யாராவது புகழ்ந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். பிள்ளை நடுவில் நிறுத்திவிட்டு "அது எப்படி?" என்று சண்டைக்கு வர வேண்டும்.

பாடத்திட்டத்துக்கு 2019 ஆகஸ்டில் தொடங்கிய நம் அரசின் கல்வி தொலைக்காட்சி இருக்கிறது. பன்னிரண்டரை வயது முடிந்ததும் மகள் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப் போகிறாள், அதற்கு அது ரொம்ப உதவி. எந்தச் சேனலைப் போட்டாலும், யூட்யூபில் தானாக அடுத்த படம் ஓடுவதை மட்டும் அணைத்துவிடுங்கள்.

இந்த ஊரில் பிள்ளைகளைச் சுற்றி எவ்வளவு வேதியியல் கிடக்கிறது! டேனரி வாசலில் நீலமாக அடுக்கிய தோலைப் பார்த்துப் பையன் கேட்டான், செருப்பு பழுப்பாக இருக்க, தோல் ஏன் நீலம் என்று. ஆவாரம்பட்டையில் பதனிட்டால் பழுப்பு, குரோமிய உப்பில் பதனிட்டால் நீலம். அதே குரோமியம் வேறொரு வடிவில், 1990களில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலில் இருந்து மஞ்சளாகக் கசிந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது என்று சொன்னேன். ஒரே உலோகம் எப்படி இரண்டு குணம் காட்டும் என்று இன்னும் குடைந்துகொண்டிருக்கிறான். அப்படிக் குடைய வைத்தவை அந்தக் குட்டிப் படங்கள்தான்.

நீங்கள் ஸ்ட்ராவில் ஆரம்பியுங்கள். ஒரு முனையைத் தட்டையாக்கி, இரு பக்கமும் சாய்வாக வெட்டி உதட்டுக்குள் வைத்து ஊதினால் நாதஸ்வரச் சீவாளி மாதிரி அதிரும். ஊதிக்கொண்டிருக்கும்போதே மறுமுனையைக் கத்தரித்துக்கொண்டே வந்தால் சுருதி ஏறிக்கொண்டே போகும். அடுத்தது தீக்குச்சி. புது சைக்கிள்களுக்கு வால் ட்யூப் தேவைப்படாததால் பெரிய கடைகளில் இருக்காது. முத்துக்கடைப் பக்கம் பழைய பஞ்சர் கடையில் கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் கொஞ்சம் தாராளமாகவே வாங்கி வையுங்கள்.