மதிரான் ஒயினின் துவர்ப்பு

பிரான்சின் தென்மேற்கில், பிரனீஸ் மலைகளுக்கு வடக்கே காஸ்கனிப் பகுதியில், தன்னாத் என்னும் திராட்சையிலிருந்து வடிக்கப்படும் மதிரான் சிவப்பு ஒயினை முதிராத நிலையில் அருந்துபவருக்கு முதலில் புலப்படுவது பழத்தின் மணமன்று. நாவற்பழம் தின்ற வாய்போல நாக்கையும் ஈறையும் ஒருசேர இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பே. அறுசுவையுள் ஒன்றாகத் தமிழர் எண்ணி வந்த இதனை இன்றைய உடலியல் பெரும்பாலும் தொடுவுணர்வாகவே கொள்கிறது. ஒயின் ரசிகர்கள் இதைப் பட்டு என்றும் வெல்வெட்டு என்றும் துணிகளின் பெயரால் மதிப்பிடுவது அவ்வகையில் பொருத்தமானதே.

திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின்கள், அதாவது பாலிஃபீனால் வகையைச் சேர்ந்த சங்கிலி மூலக்கூறுகள், எச்சிலில் புரோலின் என்னும் அமினோ அமிலம் மிகுந்துள்ள புரதங்களைப் பற்றித் திரளச் செய்கின்றன. அதனால் வாயின் வழவழப்புக் குலைந்து உராய்வு மிகுகிறது. ஒயினில் புளிப்பு ஏறினால் இந்த உணர்வு கூடும். ஆல்கஹாலோ துவர்ப்பைச் சற்றுத் தணித்துக் கசப்பை எடுத்துக்காட்டும்.

தோலின் டானின் நொதித்தலின் தொடக்கத்திலேயே இறங்கிவிட, விதையின் டானின் ஆல்கஹால் பெருகிய பிறகே மெல்லக் கசிவதால், சாற்றோடு தோலும் விதையும் எத்தனை நாள் ஊறவேண்டும் என்ற முடிவிலேயே துவர்ப்பைக் கட்டுப்படுத்தும் கலை தொடங்குகிறது. அதன் பின்னும் முரட்டுத்தனம் எஞ்சினால், போர்தோவில் பழகிவந்த முறைப்படி, 225 லிட்டர் பீப்பாய் ஒன்றுக்கு 5 அல்லது 6 முட்டைகளின் வெண்கருவைச் சிட்டிகை உப்புடன் அடித்துக் கலப்பார்கள். அதிலுள்ள அல்புமின் என்னும் புரதம் டானினைப் பற்றிக்கொண்டு அடியில் படிய, தெளிந்த ஒயினை வேறு பீப்பாய்க்கு மாற்றுவார்கள். வாயில் எச்சிலுக்கு நேரவிருந்தது பீப்பாயிலேயே வெண்கருவுக்கு நேர்ந்துவிடுகிறது என்பதே இம்முறையின் நுட்பம். ஜெலட்டினும் இதே வேலையைச் செய்யுமெனினும், அளவு மீறினால் ஒயினின் நிறமும் உடற்கட்டும் சேர்ந்தே போய்விடும்.

மதிரானைச் சேர்ந்த பட்ரிக் துகுர்னோ 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய வழி இதனினும் சுவையானது. நுண்துளைகள் கொண்ட பீங்கான் குழலின் வழியே, ஒயின் கிடக்கும் தொட்டியின் அடியில் ஆக்சிஜனை மிக நுண்ணிய குமிழ்களாக, மாதம் முழுவதற்கும் லிட்டருக்குச் சில மில்லிலிட்டர் என்ற அளவில் அவர் செலுத்தினார். அதனால் ஆல்கஹாலில் மிகச் சிறு பகுதி அசிட்டால்டிஹைடாக மாறி, சிவப்பு நிறமியான ஆந்தோசயனினையும் டானினையும் பாலம்போல் இணைக்கிறது. அவ்வாறு உருமாறிய டானினின் பிடி நாவுக்கு மென்மையாகத் தோன்றுகிறது, நிறமும் நிலைபெறுகிறது. ஒயினிலிருந்து எதையும் வெளியே எடுக்காமல் துவர்ப்பைத் தணிப்பதே இம்முறையின் சிறப்பு. ஆயினும் ஆக்சிஜன் சற்று மிகுந்தாலும் மணம் மங்கி, துவர்ப்பு மீண்டும் வறட்சியாகத் திரும்பும் என்பதால், கருவியைவிட நாள்தோறும் சுவைத்துப் பார்ப்பவரின் நாவுக்கே இங்கு வேலை அதிகம்.

கொழுப்பிலேயே மெல்ல வேகவைத்துப் பதப்படுத்திய வாத்துத் தொடைக் கறியோடு இந்த ஒயினை அருந்துவது காஸ்கனியின் வழக்கம். அந்தக் கொழுப்பை வாயிலிருந்து வழித்தெடுக்கும் அளவுக்கேனும் துவர்ப்பு எஞ்சியிராத மதிரான், எவ்வளவு மென்மையாக இருந்தாலும், அவ்வூர்ச் சாப்பாட்டு மேசைக்கு உதவாது.