கையொப்பம் பொருந்தவில்லை

இணையக் கடைக்குப் பணம் வாங்கும் வசதி வைக்க எந்த எக்ஸ்எம்எல் கருவி நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது, வேலை கடைப் பக்கமா, வங்கிப் பக்கமா என்பதைத்தான். கடைப் பக்கம் என்றால் பெரும்பாலும் கருவியே தேவைப்படாது.

இந்தியாவில் யுபிஐயின் அடிவயிற்றில் ஓடுவது எக்ஸ்எம்எல். 2016இல் வந்த இந்த அமைப்பில், வங்கிகளுக்கும் யுபிஐயை நடத்தும் என்பிசிஐக்கும் இடையே போகும் செய்திகள் மின்கையொப்பமிட்ட எக்ஸ்எம்எல்லாகவே போகின்றன. அனுப்பியவுடன் கிடைப்பது வெறும் ஒப்புகை. பணம் போனதா இல்லையா என்பது பிறகு தனிச் செய்தியாக வரும். சென்னையில் துணிக்கடைத் தளம் எழுதுபவர் இதில் ஒரு வரியைக்கூடப் பார்ப்பதில்லை. ரேசர்பே போன்ற பணம் வாங்கித் தரும் நிறுவனம் எல்லாவற்றையும் ஜேசனாக்கிக் கையில் கொடுத்துவிடுகிறது.

இலங்கையில் அதே வேலையைச் செய்யும் பேஹியரை எடுத்துக்கொண்டால், சாதாரணப் படிவப் புலங்களும் ஒரு ஹாஷும் போதும். கடை எண், ஆர்டர் எண், தொகை, நாணயம், ரகசியச் சாவி எல்லாம் சேர்ந்து எம்டி5இல் அரைபட வேண்டும். தொகையை 1500.00 என்றுதான் எழுத வேண்டும். நடுவில் காற்புள்ளி விழுந்தால் ஹாஷ் பொருந்தாது, பணப் பக்கமே திறக்காது. ரேசர்பேயிலோ தொகை பைசாவில்: 1500 ரூபாய்க்கு 150000. பழக்கத்தில் 1500 என்றே போட்டுவிட்டால் எந்தப் பிழையும் காட்டாது, பொருள் 15 ரூபாய்க்குப் போய்விடும். எம்டி5 பழசுதான், ரேசர்பே கையொப்பத்துக்குப் பயன்படுத்தும் எச்மேக் அதைவிட உறுதிதான். ஆனாலும் தொகை விஷயத்தில் முகத்துக்கு நேரே சண்டை போடும் கொழும்பு வழியே எனக்குப் பிடித்திருக்கிறது.

2024 பிப்ரவரி முதல் இந்தியப் பயணிகள் இலங்கையில் அந்நாட்டுக் கியூஆர் முறையான லங்காகியூஆர் வழியே யுபிஐயில் பணம் கட்டுகிறார்கள். இப்படி இரு நாட்டு அமைப்புகளையும் இணைப்பதெல்லாம் வங்கிப் பக்கத்து வேலை.

அந்தப் பக்கம் உட்காருபவருக்குத்தான் கருவித் தேர்வு முக்கியம். கையொப்பமிட்ட பின் செய்தியை அழகுபடுத்துகிறேன் என்று இடைவெளி சேர்க்கும் நூலகத்தைத் தொடவே வேண்டாம். ஒரு வெற்றிடம் கூடினாலும் கையொப்பம் செல்லாமல் போகலாம். சிறு செய்திக்கு, முழுவதையும் நினைவகத்தில் ஏற்றும் டாம் போதும்; நாள் முடிவுக் கணக்குக் கோப்பு பெரிதாக வந்தால், படிக்கப் படிக்கக் கடந்துபோகும் சாக்ஸ். ஜாவாவில் எழுதுபவர்கள் முதல் நாளே டாக்டைப் அறிவிப்பை மறுக்கும்படி பாகுபடுத்தியை அமைத்துவிடட்டும்: இயல்பு நிலையில் அது வெளிக் கோப்புகளையும் உள்ளே இழுத்துவிடும்.